வாசகர் கேள்வி–பதில்: சிப்பிக்குக் காவல் நிற்கும் பாக்டீரியா

கேள்வி: தூத்துக்குடியில் ஒரு சிப்பிக் குஞ்சு பொரிப்பகத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். மாலையில் தொட்டி முழுவதும் நீந்திக்கொண்டிருந்த இளவுயிரிகள், மறுநாள் காலையில் தொட்டியின் அடியில் பொடிமணல்போல் படிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். தொட்டியைக் கழுவி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர அப்போது எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. அமெரிக்காவில் இந்த நோயைத் தடுக்க ஒரு கடல் பாக்டீரியாவையே தொட்டியில் விட்டுப் பார்க்கிறார்கள் என்றும், அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்துவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். இது எந்த அளவுக்கு உண்மை? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: உண்மைதான். தங்கள் தொட்டியில் நடந்தது என்ன என்பதை இருந்த இடத்திலிருந்து நான் உறுதியாகச் சொல்ல முடியாது; ஆனால் தாங்கள் விவரிக்கும் காட்சி உலகின் பல பொரிப்பகங்களுக்குப் பழக்கமானது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மில்ஃபோர்டு என்னும் ஊரில் உள்ள ஆய்வகத்தில் பணியாற்றிய ஹாஸ்கெல் டூபியாஷ் என்பவரும் அவருடைய தோழர்களும், இருவால்வுச் சிப்பிகளின் இளவுயிரிகளை ஒரே இரவில் அழிக்கக்கூடிய இந்த நோயை 1965-இல் விவரித்து எழுதினார்கள். அதற்குக் காரணமான, விப்ரியோ எனப்படும் பாக்டீரியா இனங்களுள் ஒன்றுக்குப் பின்னாளில் அவர் பெயரே சூட்டப்பட்டது.

தாங்கள் குறிப்பிடும் பாக்டீரியாவின் கதை ரோட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்தது. அங்குள்ள நாரகான்செட் விரிகுடாவை ஒட்டிய கரைகளில் கிழக்கத்திய சிப்பி எனப்படும் கிராசோஸ்ட்ரியா விர்ஜினிகா வளர்க்கப்படுகிறது. ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் டேவிட் நெல்சன், டேவிட் ரௌலி, மார்த்தா கோமஸ்-கியாரி ஆகியோரின் ஆய்வுக் குழுவினர், நோயைத் தடுக்கும் பாக்டீரியாவை எங்கோ தேடி அலையாமல், சிப்பி வாழும் இடத்திலேயே தேடினார்கள். ஒரு சிப்பி ஓட்டின் உட்புறத்திலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த ஒன்றுக்கு எஸ்4 என்று குறியீடு. அது ஃபேயோபாக்டர் இன்ஹிபென்ஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தது. ஒரு கடற்பஞ்சிலிருந்து கிடைத்த மற்றொன்று, ஆர்ஐ06-95 என்று குறியிடப்பட்ட பேசில்லஸ் பூமிலஸ்.

2013-இல் வெளியான அவர்களுடைய சோதனையின் அமைப்பு எளிமையானது. ஆறு முதல் பத்து நாள் வயதுள்ள இளவுயிரிகளையும், ஓரிரு மாத வயதுள்ள சிறு சிப்பிகளையும் ஒரு நாள் முழுவதும் இந்தப் பாக்டீரியாக்கள் கலந்த கடல்நீரில் விட்டார்கள். பிறகு அந்த நீரில் நோய்க்கிருமியைச் சேர்த்தார்கள். முன்கூட்டியே காவல் பெற்றவை, காவல் பெறாதவற்றைவிடக் கணிசமாக அதிக எண்ணிக்கையில் பிழைத்தன. ஆனால் காவல் பாக்டீரியாவை நீரிலிருந்து நீக்கிவிட்டால், அதன் பயன் 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. செய்திகளில் பெரும்பாலும் விட்டுப்போகும் விவரம் இதுதான்; தங்களைப்போல் தொட்டியருகே நின்றவர்களுக்கு முதலில் தெரியவேண்டிய விவரமும் இதுதான். இது ஒருமுறை கொடுத்து மறந்துவிடும் மருந்து அன்று. நீர் மாற்றும்போதெல்லாம், தீவனப் பாசி ஊற்றுவதுபோல், திரும்பத் திரும்பக் கொடுக்கவேண்டியது.

கேள்வி: மனிதருக்கும் கோழிக்கும் தடுப்பூசி போடுகிறோம். சிப்பிக்கு ஏன் போட முடியாது? (வேலூர் வாசகர்)

பதில்: தடுப்பூசி வேலை செய்வதற்கு, ஒருமுறை சந்தித்த கிருமியை நினைவில் வைத்து அதற்கென்றே எதிர்ப்புரதங்களை உருவாக்கும் ஏற்பாடு உடலில் இருக்கவேண்டும். முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு அது உண்டு, சிப்பிக்குக் கிடையாது. வருகிற கிருமியை விழுங்கும் இரத்த அணுக்களும் வேறு சில பொதுவான தற்காப்புகளும் மட்டுமே அதன் கையிருப்பு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொட்டியில் கலப்பது இன்னொரு வழி. அது நல்லது கெட்டது பாராமல் அனைத்தையும் அழித்துவிட்டு, பிழைத்த கிருமிகளை மருந்துக்கு அடங்காதவையாக ஆக்கி, வடிகாலின் வழியே கடலுக்கும் அனுப்பிவிடுகிறது.

கேள்வி: நான் உயிரித் தொழில்நுட்பம் பயிலும் மாணவி. ஒரு பாக்டீரியா நோயைத் தடுக்கிறது என்பது தொட்டியிலேயே தெரிந்துவிட்ட பிறகு, அதன் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்துவதால் புதிதாக என்ன கிடைத்துவிடப் போகிறது? ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்காகச் செய்யப்படும் வேலையாக எனக்குத் தோன்றுகிறது. (நாகர்கோவில் வாசகி)

பதில்: தங்கள் ஐயத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. வரிசைப்படுத்தல் மலிவாகிவிட்ட பிறகு, ஒரு பக்க அறிவிப்பாக வெளிவந்து யாராலும் திரும்பிப் பார்க்கப்படாத மரபணுத் தொகுதிகள் ஏராளம். ஒரு பாக்டீரியாவின் மரபணு வரிசை முதன்முதலில் முழுமையாக வெளியானது 1995-இல். ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே என்னும் அந்தப் பாக்டீரியாவின் பதினெட்டு இலட்சம் டி.என்.ஏ. எழுத்துகளைப் படித்தது அன்று பெரும் சாதனை. இன்று அதைவிடப் பெரிய தொகுதியைச் சில நாட்களில் படித்துவிடலாம். ஆனால் எஸ்4-இன் விஷயத்தில் அந்த வேலை வீண்போகவில்லை. ஏன் என்று சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஃபேயோபாக்டர் இனங்கள் ட்ரோபோடைதையெட்டிக் அமிலம் என்னும் பொருளைச் சுரக்கின்றன. ஏழு கரிம அணுக்கள் கொண்ட வளையமும் கந்தகமும் சேர்ந்த இந்தச் சிறிய மூலக்கூறு, பிற பாக்டீரியாக்களின் உயிரணுப் படலத்துக்கு உள்ளும் புறமும் இருக்கும் புரோட்டான் வேறுபாட்டைச் சிதைத்து, அவை ஆற்றல் ஈட்டும் வழியை அடைத்துவிடுகிறது. இரும்புடன் சேரும்போது பழுப்பு நிறம் தருவதும் இதுவே. பெயரின் முற்பகுதியான ‘ஃபேயோ’ பழுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

இவ்வளவும் வேதியியலால் தெரியக்கூடியது. மரபணுத் தொகுதியைப் படித்தபோதுதான் இந்த அமிலத்தை உருவாக்கும் மரபணுக்கள் எங்கே இருக்கின்றன என்பது தெரிந்தது. எஸ்4-இன் நெருங்கிய உறவான டிஎஸ்எம் 17395 என்னும் வகையில் சுமார் 38 இலட்சம் எழுத்துகள் கொண்ட முதன்மைக் குரோமோசோமும், அதற்கு வெளியே மூன்று தனி வளையங்களும் இருக்கின்றன. பிளாஸ்மிட் எனப்படும் அந்த வளையங்களில் பெரியதான, 2,62,000 எழுத்துகள் கொண்ட ஒன்றில்தான் அமிலத்துக்கான மரபணுக்கள் உள்ளன. பிளாஸ்மிட் என்பது வீட்டின் சுவரோடு கட்டப்பட்ட அலமாரியைப் போன்றதன்று, தூக்கிச் செல்லத்தக்க பெட்டியைப் போன்றது, தொலைந்தும் போகலாம். அந்தப் பெட்டியை இழந்த பாக்டீரியா பழுப்பு நிறமற்றுப் போகிறது, அமிலத்தையும் சுரப்பதில்லை. ஆகவே, பல தலைமுறை வளர்த்துப் புட்டியில் அடைக்கும்போது உள்ளே இருப்பது இன்னும் பெட்டியோடு இருக்கும் பாக்டீரியாதானா என்று சோதிக்கவேண்டும் என்பதும், எதைச் சோதிக்கவேண்டும் என்பதும் தெளிவாகின்றன. தொட்டியை எத்தனை நாள் உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது.

அடுத்த பயன் இன்னும் முக்கியமானது. எந்த மரபணு எங்கே என்று தெரிந்தால், அதை மட்டும் செயலிழக்கச் செய்து, பாக்டீரியாவின் மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டு, மறுபடியும் தொட்டியில் சோதிக்கலாம். நெல்சன், ரௌலி குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் அதைத்தான் செய்தார்கள். அமிலத்துக்கான மரபணுக்களில் ஒன்றைக் கெடுத்த வகையையும், பரப்புகளில் ஒட்டி உயிர்ப்படலம் அமைக்கும் திறனைக் குறைத்த வகையையும் தனித்தனியே உருவாக்கி, இரண்டையும் இளவுயிரிகளிடம் சோதித்தார்கள். இரண்டுமே அசல் எஸ்4 அளவுக்குக் காக்கவில்லை. ஆக, அமிலம் மட்டும் போதாது. நல்ல இடத்தை முந்திப் பிடித்துக்கொண்டு அங்கே படலமாக அமர்வதும் காவலின் ஒரு பகுதி. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பவர் போல, எஸ்4-ஐ முன்கூட்டியே விட்டால்தான் பயன்.

அதற்குப் பிறகும் கணக்கு முழுவதும் சரியாகவில்லை. பாக்டீரியாக்கள் தங்கள் எண்ணிக்கை பெருகிவிட்டதா என்பதை அறிய, சிறு வேதிப்பொருள்களை வெளியிட்டு அவற்றின் செறிவை உணர்ந்து செயல்படும்; இதைக் கூட்ட உணர்வு என்கிறோம். எஸ்4 வெளியிடும் அத்தகைய சமிக்ஞைப் பொருள்கள், எதிரியான விப்ரியோ தன் புரத அரிப்பு நொதிகளைச் சுரப்பதையே குறைத்துவிடுகின்றன என்று அதே குழுவினர் 2019-இல் எழுதினார்கள். அந்த நொதிகள்தாம் இளவுயிரியின் திசுவை அரிக்கும் ஆயுதங்கள். எதிரியைக் கொல்வதோடு நில்லாமல், எஞ்சியவற்றின் ஆயுதத்தையும் உறைக்குள் போடச் செய்கிறது எஸ்4. இத்தனை இழைகளையும் பிரித்தறிய முடிந்ததற்குக் காரணம், எந்த மரபணுவைத் தொடவேண்டும் என்ற வரைபடம் கையில் இருந்ததே.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வரிசையில் ஒரு மரபணு இருப்பது, அது வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாகாது. வீட்டில் வீணை இருப்பதால் அங்கே ஒருவர் வாசிக்கிறார் என்று முடிவு செய்ய முடியாதல்லவா? மரபணுத் தொகுதி கேள்வியைக் கூர்மைப்படுத்துகிறது. விடை தொட்டியிலிருந்துதான் வரவேண்டும். தாங்கள் ஆய்வுக்குச் செல்வதாக இருந்தால், வரிசையோடு நின்றுவிட்ட கட்டுரைகளையும், வரிசையிலிருந்து தொட்டிக்குத் திரும்பிய கட்டுரைகளையும் வேறுபடுத்திப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: இது பற்றிப் படிக்கும்போது ஒரே பாக்டீரியாவுக்கு இடத்துக்கொரு பெயர் வருகிறது. ஓர் இடத்தில் ‘விப்ரியோ டூபியாஷி’, வேறிடத்தில் ‘கோரல்லிலிட்டிகஸ்’. ஓர் இடத்தில் ‘கல்லேசியென்சிஸ்’, வேறிடத்தில் ‘இன்ஹிபென்ஸ்’. எது சரி? (திருச்சி வாசகர்)

பதில்: பிந்திய பெயர்களே சரியானவை, முந்தியவை மரபணுத் தொகுதியைப் படிப்பதற்கு முன் வைக்கப்பட்டவை. சிப்பி இளவுயிரிகளைக் கொல்லும் ஆர்இ22 என்னும் கிருமி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரிகன் பகுதியில் கிடைத்தபோது விப்ரியோ டூபியாஷி என்றே அழைக்கப்பட்டது. 2013-இல் வெளியான முதல் சோதனைக் கட்டுரையிலும் அந்தப் பெயரே இருக்கிறது. மரபணுக்களை ஒப்பிட்டபோது அது விப்ரியோ கோரல்லிலிட்டிகஸ் என்று தெரிந்தது. பவளத்தைக் கரைப்பது என்று பொருள்படும் அந்தப் பெயர், சான்சிபார் தீவருகே நோயுற்ற பவளத்திலிருந்து முதலில் பிரிக்கப்பட்ட இனத்துக்கு உரியது. பவளத்தின் பகையும் சிப்பியின் பகையும் ஒரே குடும்பத்து ஆள் என்பதை வரிசைப்படுத்தல்தான் காட்டிக்கொடுத்தது.

காவல்காரனின் கதையில் நடந்ததோ ஆள்மாறாட்டம். ஸ்பெயினின் கலீசியாவில் ஸ்கல்லப் சிப்பிகளின் இளவுயிரித் தொட்டியிலிருந்து பிஎஸ்107 என்னும் பாக்டீரியாவைப் பிரித்து, 1998-இல் அந்த நிலப்பகுதியின் பெயரையே ‘கல்லேசியென்சிஸ்’ என்று அதற்கு வைத்தார்கள். அதன் மாதிரி பிரான்சில் ஒரு நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலும் ஜெர்மனியில் ஒரு சேமிப்பகத்திலும் பதிவு செய்யப்பட்டது. ஜெர்மனிப் புட்டியின் எண்தான் மேலே நான் குறிப்பிட்ட டிஎஸ்எம் 17395. உலகெங்கும் ஆய்வாளர்கள் அதை வாங்கிக் கட்டுரை எழுதிக் குவித்தார்கள். இரண்டு புட்டிகளிலும் இருப்பவை ஒன்றல்ல என்றும், ஜெர்மனிப் புட்டியில் இருப்பது பிஎஸ்107 அன்று, இன்ஹிபென்ஸ் இனத்தைச் சேர்ந்த வேறொன்று என்றும் 2013-இல் நிறுவப்பட்டது. அதற்கு முந்தைய கட்டுரைகளைப் படிக்கும்போது பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: இன்று நல்லதாக இருக்கும் பாக்டீரியா நாளை கெட்டதாக மாறாது என்பதற்கு என்ன உறுதி? (மதுரை வாசகி)

பதில்: முழு உறுதி இல்லை, அம்மா. அதற்கு மிக அழகான, சற்று அச்சமூட்டும் சான்று இதே ஃபேயோபாக்டரிடமே இருக்கிறது. எமிலியானியா ஹக்ஸ்லியை என்னும் நுண்பாசியோடு இது இணைந்து வாழும்போது, பாசி உணவளிக்க, பாக்டீரியா வளர்ச்சிப் பொருளும் பாதுகாப்பும் அளிக்கிறது. பாசி முதிர்ந்து சிதையும்போது அதிலிருந்து கூமாரிக் அமிலம் கசிகிறது. அதை உணர்ந்தவுடன் பாக்டீரியா குணம் மாறி, ரோசியோபாக்டிசைடு எனப்படும் நஞ்சை உருவாக்கித் தன்னை வளர்த்த பாசியையே கொன்றுவிடுகிறது. இது 2011-இல் வெளியான கண்டுபிடிப்பு. பொரிப்பகங்களில் இளவுயிரிகளுக்குத் தீவனமாக ஊற்றப்படும் ஐசோகிரைசிஸ், எமிலியானியாவுக்கு உறவான பாசி என்பதால் இதைப் பொழுதுபோக்குச் செய்தியாகக் கடந்துவிட முடியாது. தொட்டியில் எந்தக் காவலரை விடுவதாக இருந்தாலும், சிப்பியோடு தீவனப் பாசியையும் சேர்த்தே சோதிக்கவேண்டும்.

மற்றோர் அபாயம் மேலே சொன்ன ‘பெட்டி’யால் வருவது. இறால் வளர்ப்பாளர்களை 2009-க்குப் பிறகு சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நிலைகுலையச் செய்த கணையக் கல்லீரல் அழிவு நோய்க்குக் காரணம் ஒரு விப்ரியோ என்று 2013-இல் கண்டறியப்பட்டது. ஆனால் அந்த இனத்தின் எல்லா வகைகளும் இறாலைக் கொல்வதில்லை. கொல்பவற்றையும் கொல்லாதவற்றையும் வரிசைப்படுத்தி ஒப்பிட்டபோது, கொல்பவற்றிடம் மட்டும் சுமார் 70,000 எழுத்துகள் கொண்ட ஒரு பிளாஸ்மிட் இருப்பதும், இரண்டு நஞ்சுப் புரதங்களுக்கான மரபணுக்கள் அதில் இருப்பதும் தெரியவந்தன. ஒரு பாக்டீரியா பிளாஸ்மிட்டில் காவலைச் சுமக்கிறது, மற்றொன்று பிளாஸ்மிட்டில் நஞ்சைச் சுமக்கிறது. பெட்டி கைமாறக்கூடியது என்பதால், தொட்டியில் விடப்போகும் பாக்டீரியாவின் தொகுதியில் நஞ்சு மரபணுக்களோ, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களோ இருக்கின்றனவா என்று முன்கூட்டியே தேடிப்பார்ப்பது அவசியம். என் கணிப்பில் வரிசைப்படுத்தலின் மிகப் பெரிய நடைமுறைப் பயன் இதுதான். அறிவியல் வியப்புகள் அதற்கு அடுத்தவையே.

ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. ட்ரோபோடைதையெட்டிக் அமிலத்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளை ஆய்வகத்தில் வேண்டுமென்றே உருவாக்க டென்மார்க் ஆய்வாளர்கள் முயன்றபோது அது எளிதில் கைகூடவில்லை என்று 2011-இல் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: இப்படி வளர்த்த சிப்பியைச் சாப்பிட்டால் அந்தப் பாக்டீரியா நம் வயிற்றுக்குள் வருமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: ரோட் ஐலண்ட் போன்ற குளிர்ந்த கரைகளில் சிப்பி சந்தைக்கு வர ஒன்றரை ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை ஆகிறது. காவல் கொடுக்கப்படுவது முதல் சில வாரங்களில், பொரிப்பகத்துக்குள். அது நின்றதும் ஒரு நாளில் அதன் பயனே தேய்ந்துவிடுவதைப் பார்த்தோம். சிப்பியைப் பச்சையாகத் தின்பவர்கள் கவலைப்பட வேண்டியது, வெப்பமான கடல்நீரில் இயல்பாகவே இருக்கும் விப்ரியோ வல்னிஃபிகஸ் போன்ற கிருமிகளைப் பற்றித்தான்.

கேள்வி: மரக்காணம் அருகே ஓர் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்களுக்கும் ‘புரோபயாடிக்’ என்ற பெயரில் பொடிகளும் திரவங்களும் விற்கிறார்கள். தாங்கள் சொல்லும் பாக்டீரியாக்களும் இவையும் ஒன்றா? எங்களுக்கு இவற்றால் பயன் உண்டா? (மரக்காணம் வாசகர்)

பதில்: இனத்தின் பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து அவை ஒன்று என்று கொள்ளக்கூடாது. கடைப்பொடிகளில் பேசில்லஸ் இனங்கள் அதிகம். அவை விதைபோன்ற உறக்கநிலை அடைந்து, உலர்த்தினாலும் வெப்பத்திலும் நெடுநாள் தாங்குவதால் விற்பனைக்கு ஏற்றவை. ரோட் ஐலண்டின் ஆர்ஐ06-95-உம் பேசில்லஸ்தான். அதன் மரபணுத் தொகுதி 2015-இல் வெளியிடப்பட்டது, பிரிஸ்டல் நகரிலுள்ள ராஜர் வில்லியம்ஸ் பல்கலைக்கழகத்தின் சிப்பிப் பொரிப்பகத்தில் உண்மையான தொட்டிகளிலும் அது சோதிக்கப்பட்டது. இளவுயிரிகளுக்கு அதனால் தீங்கு நேரவில்லை. அதைப் பெற்றவை, பின்னர் நோய்க்கிருமியை எதிர்கொண்டபோது மற்றவற்றைவிடத் தாக்குப்பிடித்தன. ஆனால் அந்தச் சான்று அந்த ஒரு வகைக்கு, அந்தக் குளிர்நீருக்கு, அந்தச் சிப்பிக்கு உரியது. மரக்காணத்து உப்புநீருக்கும் வெப்பத்துக்கும் இறால் குஞ்சுக்கும் அதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வர முடியாது. நம் பகுதியில் சிப்பி வளர்ப்பும் வேறு விதமானது: கேரளத்துக் காயல்களில் ஓடுகளைக் கோத்துத் தொங்கவிட்டு, இயற்கையாக வந்து ஒட்டும் குஞ்சுகளையே பெரும்பாலும் வளர்க்கிறார்கள் என்பதால், பொரிப்பகத் தொட்டிக்கான இந்த முறைக்கு அங்கே வேலை குறைவு. தங்களைப் போன்ற இறால் பொரிப்பகங்களில்தான் இந்தக் கேள்வி உயிர்ப்புள்ளது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பல தடைசெய்யப்பட்டிருப்பதால் அது இன்னும் அவசரமானது.

புட்டி விற்க வருபவரிடம் மூன்று செய்திகளைக் கேளுங்கள். உள்ளே இருப்பது எந்த இனம் என்பதோடு, எந்த வகை, அதன் சேமிப்பக எண் என்ன? அதன் மரபணுத் தொகுதியில் மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் தேடிப்பார்க்கப்பட்டனவா? ஒரு மில்லிலிட்டரில் உயிருள்ளவை எத்தனை, அந்த எண்ணிக்கை காலாவதி நாள்வரை நிற்கிறதா? விடை கிடைத்தால், எல்லாத் தொட்டிகளிலும் ஊற்றிவிடாமல், ஒரே தாயிறாலின் குஞ்சுகளை நான்கைந்து சிறு தொட்டிகளில் பிரித்து, பாதிக்கு மட்டும் கொடுத்து, எதற்குக் கொடுத்தோம் என்பதை எண்ணிப் பார்ப்பவருக்குச் சொல்லாமல், பத்து நாள் பிழைத்தவற்றை எண்ணச் செய்யுங்கள். முடிவு எதுவாயினும் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.